தார்ப்பாயில் காய்ந்த நெல்லி

“...வேற ஒன்னும் போடல தம்பி. நீ சொன்ன நெல்லிப்பொடிதான், ரெண்டு நாளா தீவனத்துல கலந்து வச்சேன். இப்ப பாத்தா குஞ்சு ஒன்னும் தலையத் தூக்கமாட்டேங்குது” என்றார் அண்ணி போனில்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார்.

மீன்சுருட்டி ஊர் தாண்டி அவர் வீட்டுக்கு வண்டியை விரட்டினேன். அண்ணன் குவைத்தில் இருக்கிறார், அடுத்த மாதம் லீவில் வருகிறார். இந்தத் தடவை திரும்பிப் போகவிடக் கூடாது என்று அண்ணி கொல்லையில் கொட்டகை போட்டு நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை விட்டிருந்தார். இதை வைத்தே பிழைக்கலாம் என்று அண்ணனுக்குக் காட்ட வேண்டும். குஞ்சுகள் போனால் அண்ணனும் போய்விடுவார்.

நெல்லிக்காய் யோசனை என்னுடையது. கொட்டை நீக்கிக் காயவைத்து அரைத்து, கைப்பிடி அளவு தீவனத்தில் கலப்பேன். என் கோழிகள் வெயிலிலும் சோராமல் எடை போட்டன. கறியில் கவிச்சி குறைவு என்று வாங்குகிறவர்கள் சொன்னார்கள். போதாதா? பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘முதுநெல்லிக்காய் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்’ என்று அளந்துகொண்டிருந்தேன்.

கொட்டகைக்குள் சத்தமே இல்லை. கோழிக் கொட்டகையில் சத்தம் இல்லாததுபோல் பயமான சத்தம் வேறு கிடையாது. குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு வாயைத் திறந்தபடி நின்றன. மூலையில் மூன்று செத்துக் கிடந்தன. கழிச்சலா, அம்மையா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். நோயாக இருக்கட்டும் என்றுகூட மனசு வேண்டியது, என் பேர் அதில் வராதே.

பொடியில் பூசணம் பிடித்ததா என்று கேட்டேன். இல்லை, மாடியில் நல்ல வெயிலில் காய்ந்தது என்றார் அண்ணி. “நீ குடுத்தியே, அந்தத் தார்ப்பாய்லதான் தம்பி.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன கோடையில் எங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்தபோது அதன் தோடெல்லாம் அந்தத் தார்ப்பாயில்தான் குவிந்து கிடந்தது. தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? அதனால்தானே கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைக்கிறோம். தார்ப்பாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்திருந்தேன். எண்ணெய் தண்ணீருக்கா போகும்? என் நெல்லியை எப்போதும் வேட்டியில்தான் காயவைப்பேன்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நான் மிதித்துவிட்டேன். சொல்லாமல் விட்டால் நோய் என்றே போய்விடும், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தீவனத் தட்டுகளில் இன்னும் பொடி இருந்தது. சாயங்காலமும் அதையே வைப்பார்.

“அண்ணி, அது முந்திரித்தோடு கொட்டுன தார்ப்பாய்” என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலருகே நின்ற குஞ்சைத் தூக்கி, விரலால் அலகைப் பிளந்து வெளிச்சத்துக்குக் காட்டினார். நாக்கு ஓரம் வெள்ளையாக வெந்திருந்தது. அதைக் கீழே விட்டார். தட்டுகளைக் காலால் கவிழ்த்துக்கொண்டே போய், அடுத்த குஞ்சைப் பிடித்து அலகைத் திறந்தார்.