ஊறுகாய் இருந்த பக்கம்

எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் மறுவாழ்வுப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்த்தேன். நோயில் செயலிழந்த கைகால்களை அன்றாட வேலைகளுக்கு மறுபடி பழக்குவது என் வேலை. அந்தப் பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் அறையைக் 'கைவேலை ரூம்' என்பார்கள். மரக்கட்டைகள், பட்டன் மாட்டிக் கழற்றும் பலகை, தாழ்ப்பாள்கள் வரிசையாக அடித்த கதவுத் துண்டு எல்லாம் அங்கே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பாலர் பள்ளிதான். மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நாலு வரி நோட்டில் எழுதிவிடுவேன்.

தி. நகர் டாக்சி ஸ்டாண்டில் சொந்தக் கார் ஓட்டிய ஒருவரைப் பற்றி அதில் நான் எழுதிய முதல் வரி தப்பு. 'உணவில் குறை சொல்கிறார். எரிச்சல் குணம்' என்று எழுதியிருக்கிறேன்.

அவருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்திருந்தன. இரண்டு மாதத்தில் கால் நன்றாகத் தேறிவிட்டது. கையும் கட்டையைப் பிடித்து அடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் எங்கள் பிரிவுக்கு வந்தார். வந்த முதல் நாளே அந்தக் கட்டைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னா டீச்சரம்மா, எனக்கு ஏபிசிடி சொல்லிக் குடுக்கப் போறியா? நான் வண்டி ஓட்டணும். அதுக்கு வழி சொல்லு."

"கியர் எந்தக் கையால போடுவீங்க?"

"லெப்ட்டால."

"அப்ப லெப்ட்டால கட்டைய எடுங்க."

முறைத்தார். எடுத்தார்.

மீண்டும் ஓட்டலாமா கூடாதா என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கேள்வி. எங்கள் பெரிய டாக்டர் அதில் அக்கறை காட்டவில்லை. "இந்த வயசுல வாடகைக் கார் எதுக்கும்மா? வீட்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கச் சொல்லுங்க. சர்டிபிகேட் வேணும்னு ரொம்பப் பிடிவாதம் பிடிச்சா, உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

ஒரு நாள் மத்தியானம் வார்டில் சத்தம் கேட்டுப் போனேன். அவர் மனைவி தினமும் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து இலையில்தான் பரிமாறுவார். ஆஸ்பத்திரித் தட்டை இவர் தொட மாட்டார்.

"நீயே கேளும்மா. உப்பு கீது, ஊறுகா கீது, கூட்டு கீது. ஒண்ணுமே வைக்கலன்னு கத்தறாரு. இங்க வந்த பதினஞ்சு நாளா இதே ரோதனை. வேணும்னே என் மானத்த வாங்கறாரு."

"எங்கடி வச்சே? எனக்குத் தெரியாத எடத்துலயா வச்சே?"

இலையைப் பார்த்தேன். வலப்பாதி துடைத்து வைத்தது போலிருந்தது. இடப்பாதியில், நுனியோரம், உப்பும் ஊறுகாயும் கூட்டும் வைத்தபடியே இருந்தன. சோற்றுக் குவியலைக்கூட நடுவில் கத்தியால் வெட்டியது போல வலப்பக்கம் மட்டும் சாப்பிட்டிருந்தார்.

நான் குனிந்து இலையை அப்படியே சுற்றித் திருப்பினேன். அந்தம்மாள் பதறிப்போனார். "ஐயையோ, நுனிய வலப்பக்கமாவா வைப்பாங்க!"

அவரோ ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "பார்த்தியா, டீச்சரம்மா வந்ததும் ஊறுகா வருது" என்றார்.

அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. பதினைந்து நாளாக அந்த மனிதர் தன் நோயைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்; நான் அதைக் குணம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் நிற்காது. தெரியவில்லை என்பதும் தெரியாது. படித்திருந்தேன். இலையில் பார்த்ததில்லை.

நம் ஊரில் இடப்பக்கமாகத்தான் வண்டி ஓட்டுகிறோம். சைக்கிள்காரரும், நடப்பவரும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும் அந்தப் பக்கத்தில்தான்.

அவரிடம் மறைக்காமல் சொன்னேன். நம்பவில்லை. இலையை இரண்டு முறை திருப்பிக் காட்டியதும் அதன் நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இது சரியாவுமா?" என்று மட்டும் கேட்டார். பழக்கினால் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றேன்.

மறுநாள் முதல் கட்டைகளை ஓரம் கட்டிவிட்டு இலையிலேயே ஆரம்பித்தோம். இடக்கை விரலால் இலை நுனியைத் தொட்டுவிட்டுத்தான் முதல் கவளம். மறந்தால் அவர் மனைவி சோறு போட மாட்டார். எனக்கு அப்படி ஓர் உதவியாளர் அதற்குப் பின் கிடைத்ததில்லை. அடுத்து செய்தித்தாள். ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போன பிறகு வாரம் மூன்று நாள் பாண்டி பஜாரில் நடந்தோம். இடப்பக்கக் கடைகளை மட்டும் அவர் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு தெருமுனை முதல் அடுத்த முனை வரை ஒரே ஒரு ஜவுளிக்கடை சொன்னார். ஆறாவது வாரம் படிக்கட்டுக்கடியில் பூட்டு ரிப்பேர் செய்பவரையும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு கார். அவர் மனைவியின் தம்பி மயிலாப்பூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். அங்கிருந்த காரில் சொல்லிக் கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் இவர் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"முப்பது வருசம் ஓட்டினவன் வண்டில எல் போர்டா? ஸ்டாண்டுல ஒருத்தன் பார்த்தா போதும், மெட்ராஸ் பூரா சிரிக்கும்."

"கழட்ட முடியாது மாமா. போலீஸ் புடிச்சா என் ஸ்கூலே காலி."

நான் சொன்னேன்: "அது கத்துக்கிறவங்களுக்கான எல்லுன்னு ஏன் நினைக்கிறீங்க? எல்லுன்னா லெப்ட். உங்களுக்குன்னே எழுதி மாட்டியிருக்கு."

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். "மச்சான், டீச்சரம்மா பயங்கர ஆளுடா" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார்.

சொல்லிக் கொடுப்பவர் சீட்டில் மச்சானும், பின் சீட்டில் நோட்டுடன் நானும் உட்கார்ந்தோம். இதற்கென்று எங்களிடம் சோதனை முறை எதுவும் இல்லை. நானே ஒன்று வகுத்தேன். மயிலாப்பூர் லஸ்ஸிலிருந்து அடையாறு பாலம் தாண்டிக் கொட்டிவாக்கம் வரை முந்தின நாள் பஸ்ஸிலும் நடந்தும் போய், ஓட்டுபவர் கண்ணில் இடப்பக்கம் பட வேண்டியவற்றைப் பட்டியல் போட்டிருந்தேன். ஓட்டிக்கொண்டே அவர் அவற்றையும், இடப்பக்கம் எதிர்ப்படும் மற்றவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதல் ஓட்டம் தோல்வி. கை, கால், கியர், கிளட்ச் எல்லாம் அப்பழுக்கில்லை. அடையாறில் ஒரு திருப்பத்தில் இடப்பக்கம் வந்த சைக்கிளை அவர் பார்க்கவில்லை. மச்சான் பிரேக் போட்டார். சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். இவர் காரை ஓரம் கட்டி, இறங்கி, பின் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"எழுதிக்கோம்மா. பார்க்கலன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அதன் பிறகு மூன்று மாதம், ஞாயிறுதோறும் காலையில், அதே வழி. வண்டி நகரும் நேரமெல்லாம் "லெப்ட்டு, லெப்ட்டு" என்று தனக்குத் தானே முணுமுணுத்துக்கொள்வார். போகப் போக முணுமுணுப்பு குறைந்தது. கழுத்து தானாகத் திரும்ப ஆரம்பித்தது. என் பட்டியலில் அவர் சொல்லாமல் விட்டவை ஆறு, மூன்று, ஒன்று என்று குறைந்தன.

கடைசி ஓட்டத்தன்று ஒன்றுமே விடவில்லை. பஸ் ஸ்டாப், பால் பூத், குழாயடிக் குடங்கள், கட்டை வண்டி எல்லாம் நான் பென்சிலால் டிக் போடும் வேகத்துக்கு முன்னாலேயே வந்து விழுந்தன. திருவான்மியூர் தாண்டியதும் நிறுத்தி வைத்த இரண்டு கை வண்டிகள் அருகே திடீரென்று வேகத்தைக் குறைத்தார். எனக்குக் காரணம் தெரியவில்லை. மச்சானின் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே குனிந்து சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் சடாரென்று நிமிர்ந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

"ஆளோட கால் மட்டும் தெரிஞ்சுது" என்றார் இவர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து. "இன்னா, உன் நோட்டுல அது இல்லையா?"

"இல்ல. நான் பார்க்கவே இல்ல."

"லெப்ட்ல பாரு டீச்சரம்மா!"

மச்சான் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கால்களையும் பட்டியலில் சேர்த்து டிக் போட்டேன்.

ரிப்போர்ட் நான்கு பக்கம் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு விடுபடலும், அந்த முதல் சைக்கிளும் அதில் இருந்தன. 'வாடகைக் கார் ஓட்டத் தகுதியுள்ளவர்' என்று முடித்தேன். எப்போதும் அந்த இடத்தில் ஓர் 'ஆனால்' போட்டுப் பழகிய கை, அன்று போடவில்லை. பெரிய டாக்டர் நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். "இதை எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார். இலையைப் பற்றிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் ஆபீசில் இன்ஸ்பெக்டர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தூரம் ஓட்டச் சொன்னாராம். இறங்கும்போது, "உங்களுக்குப் பக்கவாதம்னு எந்த டாக்டர் சொன்னது?" என்று கேட்டாராம். இதை இவர் என்னிடம் நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் சந்தோஷமாகக் கேட்டேன்.

அவர் ஸ்டாண்டுக்குத் திரும்பிய காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓரமாக நின்றேன். மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்த கார் பளபளவென்றிருந்தது. "வா நைனா! ரெஸ்ட் எடுத்துக் கொழுத்துட்ட!" என்று மற்ற டிரைவர்கள் வரிசையில் முதலிடத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஜவுளிக்கடைப் பைகளோடு ஒரு குடும்பம் வந்து ஏறியது. அடையாறு போக வேண்டுமாம். அவருக்கு என்ன வந்தது, எப்படித் தேறினார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கார் தெருமுனை வரை போனது. இடப்பக்கம் திரும்புமுன் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் நிதானமாக ரோட்டைக் கடந்து முடித்த பிறகு அந்தக் கார் இடப்பக்கம் திரும்பிப் போயிற்று.