ரேஸர் துடைத்த டயர்

மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வண்டி விற்கிற அவருக்கு ரேஸர் என்று பெயர். முதலாளியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் வண்டியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் போதும், கேட்கிறவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வளைவில் சாய்ந்துவிடுவான். "முதல் வண்டியே பெருசா வாங்கினா அது உங்களை ஓட்டும். இதை வாங்குங்க, நீங்க அதை ஓட்டுவீங்க" என்பார். நல்ல பேச்சு, உண்மையான பேச்சும்கூட. பேசுகிறவருக்கு மட்டும் வண்டி ஓட்டத் தெரியாது.

பத்தொன்பது வயதில் நண்பனுடைய வண்டியை எடுத்து, கிளட்சை விட்ட வேகத்தில் ஒரு காய்கறிக் கடைக்குள் புகுந்தவர்தான். அன்று தக்காளிக்கு நடுவே எழுந்து நின்றபோது தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு ஹேண்டில்பாரைத் துடைக்கத்தான் பிடித்திருக்கிறார், ஓட்டப் பிடித்ததில்லை. இப்படிப்பட்டவர் இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று கேட்டால், வேறு வேலை கிடைக்கவில்லை, வாய் இருந்தது, வந்தார். முதல் வாரமே யாரோ ரேஸர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பெயர் இனித்தது, சொல்லவில்லை.

தினமும் பஸ்ஸில் வருவார், கையில் ஹெல்மெட்டோடு. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின்பக்கச் சந்து வழியாக நுழைவார். வண்டியை அங்கே நிறுத்தியிருப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். "பஸ்ல போறவங்கள்லயே தலைக்குப் பாதுகாப்பு உள்ள ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி கிண்டல் செய்வாள். அவர் சிரிப்பார். உள்ளுக்குள் குறுகிப் போவார்.

வாடிக்கையாளர்கள் ஓட்டிக் காட்டச் சொன்னால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "நான் ஓட்டினா எனக்குத்தானே தெரியும்? நீங்க ஓட்டிப் பாருங்க" என்று மெக்கானிக்கை அவர்களோடு அனுப்பிவிடுவார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அவளுடைய அண்ணன் தன் பழைய வண்டியில், காலி மைதானத்தில் வைத்து, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தான். சிவப்பு நிற நூற்றைம்பது சிசி வண்டியைப் பார்த்ததும் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை.

வண்டியை எடுக்க அவளும் அண்ணனும் வந்த அன்று, கழுவிப் பளபளப்பாக்கும் ஆள் லீவு. ரேஸரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். புகைப்படத்தில் வண்டி ஜொலிக்க வேண்டுமே. டயர் பாலிஷை எடுத்து டயரின் ஓரத்தில் தேய்த்தார். அது மின்னியதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. தரையில் படுகிற பகுதியிலும் ஆசை ஆசையாகத் தேய்த்துவிட்டார். வண்டி ஓட்டுகிற எவனும் கனவில்கூடச் செய்யாத காரியம் அது. அங்கே எண்ணெய்ப் பசை பட்டால் டயருக்கும் ரோட்டுக்கும் ஒட்டுறவே இருக்காது.

ரிப்பன் கட்டி, படம் எடுத்து, எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மெதுவாகத்தான் கிளம்பினாள். வாசலைத் தாண்டி ரோட்டில் திரும்பும்போது வண்டி அப்படியே வழுக்கிப் படுத்துக்கொண்டது. வலது கை மணிக்கட்டு உடைந்தது. அண்ணன் அவளைத் தூக்கி, வழியில் வந்த ஒரு காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஓடிவந்து வண்டியை நிமிர்த்தி, டயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"என்ன சார், ரோட்டுல படுற இடத்துல போய் பாலிஷ் போட்டிருக்கு?"

ரேஸர் துணியைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். "கை தவறிப் பட்டிருக்கும். விடுப்பா, இதைப் பெருசாக்காதே."

மெக்கானிக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனான். ரேஸர் குந்தி உட்கார்ந்து, கரைப்பானும் துணியுமாக இரண்டு டயரையும் சுத்தமாகத் துடைத்தார். தப்புச் செய்தபோது தெரியாமல் செய்தார். துடைத்தபோது நன்றாகத் தெரிந்தே துடைத்தார். அதற்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு, வெயில் என்றார்.

சில வாரம் கழித்து அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அவள் கையில் மாவுக்கட்டு. வண்டியை விற்றுவிட வேண்டுமாம். சாவியை மேஜை மேல் வைத்தாள்.

"எனக்கு இது வராது சார். எடுத்துக்குங்க."

"தப்பு என் மேலதான்" என்றான் அண்ணன். "சரியாச் சொல்லிக் கொடுக்காம அவசரப்பட்டு ரோட்டுல இறக்கிட்டேன். அம்மா இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல." பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து கேட்டான். "நீங்க அனுபவப்பட்டவர் சார். அன்னைக்குப் பக்கத்துலதான் நின்னீங்க. அந்தத் திருப்பத்துல இவ என்ன தப்புப் பண்ணா? அது தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் மனசு ஆறும்."

ரேஸரின் வாய் பழக்க தோஷத்தில் தானாகப் பேசியது. "முன் பிரேக்கைப் பிடிச்சிருப்பாங்க. புதுசா ஓட்டுறவங்க திரும்பும்போது பயந்து பிடிச்சிடுவாங்க."

அவள் தலையைக் குனிந்து யோசித்தாள். "பிடிச்ச மாதிரி ஞாபகம் இல்ல... ஆனா பிடிச்சிருப்பேன். பயந்துபோய்ப் பிடிச்சிருப்பேன்" என்றாள். உடைந்த கையின் விரல்களை, அவைதான் குற்றவாளி என்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இட்டுக்கட்டிச் சொன்ன தப்பை அவள் தன் தப்பாகவே வாங்கிக்கொண்டுவிட்டாள். ரேஸருக்கு அப்போது தன் மேல் வந்த அருவருப்பு அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை. காய்கறிக் கடையில் பட்ட அவமானமெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

"இல்லம்மா" என்றார். "டயருல நான் பாலிஷ் போட்டேன். ரோட்டுல படுற இடத்துல. அதான் வழுக்கிடுச்சு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் தொடைச்சும் வெச்சேன், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கைமுஷ்டி இறுகியது. பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

அவள் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப நான் சரியாத்தான் திரும்பினேனா?"

ஆமாம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசை. கடைக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எத்தனை தடவை சொன்ன வார்த்தை. ஆனால் இனி ஒரு பொய்யை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதுவரைக்கும் ஒழுங்கா ஓட்டினதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பணிமனைக் கதவருகே நின்றிருந்த மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியே, நீ சொல்லுப்பா."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். அவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சரியாத்தான் திரும்பினீங்க. பிரேக்கைத் தொடவே இல்ல. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

அவள் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் மெல்ல உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தான். அவள் இடது கையை நீட்டிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரேஸரை ஒரு வார்த்தை திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை.

"இனிமே யாருக்காவது வண்டி விக்கும்போது, உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள்.

முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து, அவரை அந்தப் பட்டப்பெயரால் அல்லாமல், "நீங்க உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.