குலதெய்வத்தைக் கேட்க மலாக்காவுக்கு

1996 ஜூன், ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குக் கோலாலம்பூர் புடுராயாவில் மலாக்கா பஸ் ஏறினேன். டிக்கெட் ஏழு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, சற்றுக் குறைவு; நூற்றைம்பது கிலோமீட்டர். டொராண்டோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது கோட்டை பார்க்க அல்ல, என் மகளுக்குக் கல்யாணம் நடக்குமா என்று தெரிந்துகொண்டு போக.

நாங்கள் கனடாவில் குடியேறியபோது அங்கே மலேசியத் தமிழர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஒருவர் செல்வம் அண்ணன், என்னைவிட நாலு வயது மூத்தவர். பேசிப் பார்த்தால் இருவரும் மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். விவரம் தெரிவதற்குள் இரண்டு குடும்பமும் வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டது. குலதெய்வமும் ஒன்றே, தோட்டத்து முனியாண்டி. பனி தேசத்தில் சொந்தம் கிடைத்ததென்று அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடம் கழித்து அவர் மகனும் என் மகளும் கட்டிக்கொள்கிறோம் என்று வந்து நின்றபோது, அதே முனியாண்டி குறுக்கே வந்துவிட்டார். குலதெய்வம் ஒன்றென்றால் பங்காளி. பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் பெற்றோர் யாரும் உயிரோடு இல்லை.

“நேர்ல போய் விசாரிச்சுட்டு வா. நீ சொல்றத ஏத்துக்கிறேன்,” என்றார் அண்ணன். முகம் கொடுத்துச் சொல்லவில்லை.

மலாக்காவில் இறங்கி, அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தை மகனோடு இருக்கும் புக்கிட் காத்திலுக்குப் போனேன். அத்தை ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை. எழுபதைத் தாண்டியும் நடை தளரவில்லை. விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். “கோயில் விஷயத்தக் கோயில்ல பேசலாம். சாப்பிடு,” என்று அடக்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்சி. புலாவ் செபாங் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஓட்டுநர் மலாக்காவின் பாச்சாங் பகுதித் தமிழர். “தோட்டத்துல இப்ப யாரு இருக்கா அங்கிள்? பால் மரமெல்லாம் வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டுட்டான்லா. நம்ம ஆளுங்க எல்லாம் ஃபாக்டரிக்குப் போயிட்டாங்க,” என்றார்.

அவர் சொன்னது சரிதான். லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் செம்பனை மரங்கள். கோயில் மட்டும் மிச்சம்: தகரக் கூரை, ஒரு கல், ஓர் அரிவாள். என் வம்சத்தின் தலைமையகம் இவ்வளவுதானா என்று இருந்தது. கற்பூரம் காட்டிய பிறகு கேட்டேன்.

“ரெண்டாவது லயத்துக் காத்தமுத்து, செல்வத்தோட அப்பா. அவரு நமக்குப் பங்காளியா அத்தை?”

“பங்காளியா? யார் சொன்னா?”

“ரெண்டு வீட்டுக்கும் இதே சாமிதானே?”

அத்தை சிரித்தார். “இந்தச் சாமி எந்த ஊர்லேருந்தும் வரலப்பா. காடு வெட்டினப்ப புலிக்குப் பயந்து நட்ட கல்லு. நம்ம ஆளுங்க முசிறிப் பக்கம், அவங்க ஆத்தூர்ப் பக்கம். அங்க என்ன சாமி கும்பிட்டாங்களோ, கப்பலேறினதோட மறந்து போச்சு. லயம் முழுக்க இதத்தான் குலதெய்வம்னு கும்பிட்டோம். அப்ப எல்லாரும் பங்காளின்னா, யாரு யாருக்குப் பொண்ணு குடுக்கிறது?”

ஓட்டுநர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். அத்தை அதோடு விடவில்லை.

“இங்கதான் உனக்குக் காது குத்தினாங்க. உங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல, மடியில வெச்சுக்க மாமன் வேணுமே. காத்தமுத்துதான் ‘நான் இருக்கேன் தங்கச்சி’ன்னு வந்து உக்காந்தாரு. அன்னையிலேருந்து அவருதான் உனக்குத் தாய்மாமன்.”

கை தானாகக் காதுக்குப் போனது. துளை தூர்ந்துபோய் ஒரு புள்ளிதான் தட்டுப்பட்டது. ரத்த சம்பந்தம் ஒரு சொட்டும் இல்லை என்று கேட்க மனம் நொந்துதான் போனது. தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது.

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கார்டு போன் இருந்தது. மணி பதினொன்று, அங்கே வெள்ளி இரவு பதினொன்று. முதல் மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். இருபது வருடப் பழக்கத்தில் ‘அண்ணே’ நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“மச்சான்,” என்றேன்.

கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது. பிறகு எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

“சொல்லுங்க மாப்ள,” என்றார்.