நாற்பது கோன் நூல்

கொட்டகலையில் பஸ் வீதியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கார்மென்ட் கம்பெனிகள். ஒன்றின் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவன் நான். எதிர்க் கம்பெனியின் ஸ்டோர்ஸில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. வெளிநாட்டு ஓடர்களுக்கு இரண்டும் முட்டிமோதும். எங்கள் தையல் பிள்ளைகளை அவர்கள் இழுப்பார்கள், அவர்களுடைய பிள்ளைகளை நாங்கள். ஆனாலும் கொழும்பிலிருந்து வர வேண்டிய லொறி மண்சரிவில் நின்றுவிட்டால், ஒரு ஸ்டோர்ஸ் மற்றதற்கு நூலும் பட்டனும் கொடுத்து உதவும். இரண்டு மெனேஜர்மாருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதில் ஒரு மரியாதையும் இருந்தது. கொடுத்தவர் பார்த்துத் தந்ததை வாங்கியவர் மறுபடி பார்க்க மாட்டார். பார்த்தால் நம்பவில்லை என்று அர்த்தம்.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ஸ்டோர்ஸுக்குப் படி பதினொன்று, ஜன்னல் கம்பி பதினேழு. அவள் அதை வைத்தே கேலி செய்வாள்.

அன்று பகல் முழுக்க மூடுபனி. போன் வந்தது.

"அண்ணே, கடும் நீல நூல் நாற்பது கோன் வேணும். நாளைக்குக் கண்டெய்னர் ஏத்தணும்."

"உங்க கம்பெனி படுத்துட்டா எங்களுக்கு நல்லதுதானே தங்கச்சி?"

"அப்புறம் பட்டனுக்கு யாருகிட்ட ஓடி வருவீங்க? எண்ணி வைங்க, வாறேன். நூலைப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணிடாதீங்க, விடிஞ்சிடும்."

இரண்டு தரம் எண்ணினேன். முதல் பெட்டியில் இருபத்தெட்டுதான் இருந்தது. மீதிப் பன்னிரண்டை வேறொரு பெட்டியிலிருந்து எடுத்தேன். ஒரே நிறமானாலும் வேறு வேறு தடவை சாயம் போட்ட நூலைக் கலக்கக் கூடாது. அதற்காகத்தான் நூல் சுற்றிய ஒவ்வொரு கோனின் அடியிலும் லொட் நம்பர் ஒட்டியிருக்கும். எண்ணிக்கை சரியாக வந்த திருப்தியில் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. டியூப் லைட்டில் எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. அவளும் வந்து, மறுபடி பார்க்காமல் வாங்கிப் போனாள்.

மறுநாள் வெயில் அடித்தது. அவர்கள் இரவிரவாகத் தைத்த காற்சட்டைகளில் ஒரு பக்கத் தையல் ஒரு நீலம், மறுபக்கம் இன்னொரு நீலம். கண்டெய்னர் வெறுமனே திரும்பிப் போனது.

"அண்ணே, அடியில நம்பர் பாத்தீங்களா?" என்று போனில் கேட்டாள்.

"நாற்பதும் எண்ணித்தானே தந்தேன்."

"சரிங்கண்ணே" என்று போனை வைத்தாள்.

ஒப்புக்கொண்டிருந்தால், போட்டிக் கம்பெனிக்கு நூல் கொடுத்தது வெளியே வந்து, எதுவும் தெரியாதவர்போல மெனேஜரே என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார். ஓய்வுக்கு எனக்குப் பதினான்கு மாதம் இருந்தது. அவளோ என் பெயரையே எடுக்கவில்லை. லொட்டைக் கலந்தது தான்தான் என்று சொல்லி வேலையை இழந்தாள். அதற்குப் பிறகு அந்த வீதியைத் தாண்டி ஒரு ஊசிகூடப் போகவில்லை, வரவில்லை.

ஓய்வு பெற்ற பின் மூன்று முறை பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினேன். மூன்று முறையும் பஜாரில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். நான்காம் முறைதான் அவளுடைய லயத்து வீடு வரை போனேன். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றபடியே சொன்னேன், பன்னிரண்டு கோன் வேறு லொட், பார்க்காமல் விட்டது நான்தான் என்று.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கண்ணே. வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளா எங்க கம்பெனி கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

எங்கள் கேட்டிலிருந்து அவர்கள் கேட்டுக்கு முப்பத்தோரு எட்டு நடை. அதையும் எண்ணித்தான் வைத்திருந்தேன்.