ஆணியால் கீறிய பேணி

எங்கள் வீட்டில் தேநீர், தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணிகளில் ஒன்றின் அடியில் ஒரு கீறல் இருக்கிறது. ஆணியால் அதைக் கீறியவள் நான். அப்பாவின் பேணி மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று கீறினேன். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் பேணியில் உதடே படுவதில்லை. அப்படியிருந்தும் பிரித்து வைத்தேன்.

அப்பா ஐம்பத்தாறாம் ஆண்டு கப்பல் வேலைக்குப் போனவர். கொதிகலன் அறையில் நீராவிக் குழாய்களின் சூடு வெளியேறாமல் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், பூசுவது அவர் வேலை. வெள்ளைத் தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழாயைச் சுற்றி அப்ப வேண்டும். பழசானதை உடைத்துக் கொட்ட வேண்டும். உடைக்கும்போது எழும் தூசில் ஆளை ஆள் தெரியாதாம். "உங்கடை அம்மாவை விட நான் நல்லா மாக் குழைப்பன்" என்று லீவில் வரும்போதெல்லாம் பீற்றிக்கொள்வார். ஈரக் கல்நாரை உருண்டை பிடித்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடியதைச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம்.

கப்பலை விட்டு வந்து பல ஆண்டுகள் கழித்து, எழுபத்தொன்பதில், அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சில் நீர் கட்டியது. ஆஸ்பத்திரியில் ஊசியால் எடுக்க எடுக்க மீண்டும் கட்டியது. ஊர் அதைக் காசநோய் என்று முடிவுகட்டி, எங்களைக் "கசக்கார வீடு" என்று கதைத்தது. சளியில் அந்தக் கிருமி இல்லை என்றார் டொக்டர். ஒரு துண்டுச் சதையைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார். நான் டொக்டரை நம்பவில்லை, ஊரை நம்பினேன். என் மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பயம் என்னை அப்படி ஆட்டிவைத்தது.

ஒருநாள் அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்க வந்தார்.

"தூக்காதேங்கோ அப்பா."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "ஓம் பிள்ளை, அதுவும் சரிதான். நான் இதிலை நிண்டே பாக்கிறன்."

அதன்பிறகு அவர் கேட்கவேயில்லை. பிள்ளை கிடந்த அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவுமில்லை. மூன்று மாதத்தில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அதே வாரம்தான் கொழும்பு முடிவு வந்தது. டொக்டர் என்னை இருத்திச் சொன்னார்: "உது கசமில்லைப் பிள்ளை. நுரையீரலைப் போர்த்தியிருக்கிற சவ்விலை வாற புற்றுநோய். மீசோதீலியோமா எண்டு பேர். கப்பலிலை சுவாசிச்ச கல்நார்த் தூசு உள்ளுக்கை கிடந்து, இருபது வருஷம் கழிச்சுத் தன்ரை வேலையைக் காட்டியிருக்கு. ஒருதருக்கும் தொத்தாது."

பஸ் நிலையத்தில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

இப்போது காலைத் தேநீரை அந்தப் பேணியில்தான் குடிக்கிறேன். மகள் வளர்ந்துவிட்டாள். "அம்மப்பா என்னைத் தூக்கினவரோ?" என்று கேட்பாள். "ஓம், கீழை விடவேமாட்டார்" என்று சொல்லி வருகிறேன். கீறலைப் பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை.