இரண்டு கருப்பையா, ஏழு நாள், ஒரு லாட்ஜ்

முதல் நாள், காலை 5.40. மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட விமானம் திருச்சியில் இறங்கியது. வழக்கமாகச் சக்கரம் தரையைத் தொட்ட நொடியே எழுந்து நின்று பெட்டியை இழுக்கிற ஆட்கள் நாங்கள். அன்று ஒருவரும் எழவில்லை. வாயை மூடிய மாஸ்க், அதற்கு மேல் கண்ணாடித் தாள், உடம்புக்கு வெள்ளை அங்கி என்று கடைசி வரிசை வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் ஒருவர் தும்மினார். நான் மூச்சை அடக்கினேன். அடக்கி அடக்கிக் கடைசியில் நான் விட்ட மூச்சின் சத்தத்தில், பக்கத்து ஆள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் ஏழு நாள் தனித்திருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருந்த காலம் அது. அப்படி ஒரு காலம் இனி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே, போய்ப் பார்க்காதவர்களுக்காக, அங்கே என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று எழுதிவைக்கிறேன்.

விமான நிலையத்தில் மூக்கில் ஒரு குச்சி, தொண்டையில் ஒரு குச்சி, இடது கையில் அழியாத மையில் ஒரு முத்திரை. அதைத் தாண்டினால் ஒரு மேசை. அங்கே இரண்டு வழி சொல்வார்கள். கல்லூரி விடுதி என்றால் இலவசம், ஒரு அறைக்கு நாலு பேர். லாட்ஜ் என்றால் தனி அறை, மூன்று வேளைச் சாப்பாட்டோடு நாளுக்கு 1,200 ரூபாய். பதினெட்டு வருடம் ஓமானில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்தவன் நான். ஆனால் நாலு பேர் என்று காதில் விழுந்ததும் "லாட்ஜுங்க, லாட்ஜுங்க" என்று இரண்டு முறை கத்திவிட்டேன்.

எனக்கு முன்னால் நின்றவர் லாட்ஜையும் கேட்கவில்லை, விடுதியையும் கேட்கவில்லை.

"சார், எங்கப்பா சீரியஸா இருக்காருங்க. ஊரு மீமிசலு. டாக்டரு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாரு. ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டு வந்து, நீங்க சொல்ற எடத்துல ஒரு மாசங்கூட இருக்கேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவர் இல்லை. தூங்காத கண். "எறந்துட்டா சர்டிபிகேட் காட்டிட்டுப் போகலாங்க. சீரியஸா இருக்காருன்னு விடுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப அவரு சாகுற வரைக்கும் காத்திருக்கணுமாங்க?"

அவர் படிவத்தைத் தள்ளினார்.

காலை 7.15. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களைத் தனியாக ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். கீரனூர் வழியாக ஐம்பது கிலோமீட்டர். ஜன்னலை மூடக்கூடாது, சீட்டுக்கு ஒரு ஆள். கூட வந்த கிளார்க் லிஸ்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "கருப்பையா!" என்றதும் இரண்டு குரல் கேட்டது. ஒன்று என்னுடையது. இன்னொன்று மீமிசல்காரருடையது.

"யோவ், ஒரு ஆளுக்கு எதுக்குய்யா ரெண்டு கொரலு?"

என் பேர் முருகேசன். அப்பா பேர் கருப்பையா. பாஸ்போர்ட்டில் அப்பா பேர் ஏறி உட்கார்ந்துவிட்டதால், கடல் தாண்டிய நாளிலிருந்து எல்லோருக்கும் நான் கருப்பையாதான். மீமிசல்காரர் பேர் செல்வராஜ். அவருக்கும் அதே கதை. வயதும் இருவருக்கும் நாற்பத்தாறு. எங்கள் காலத்து வாத்தியார்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது போட்டுக் கொடுத்த வயது, பொருந்திப் போனதில் ஆச்சரியமில்லை.

"ஒங்கப்பாவும் கருப்பையாவாண்ணே?" என்று முன்சீட்டிலிருந்து திரும்பினார் செல்வராஜ்.

"ஆமா. செத்துப் பதினோரு வருசமாச்சு. ஓமான்ல இன்னும் ஏ.சி. மெக்கானிக்கா வேலை பாத்துக்கிட்டு இருக்காரு."

சிரித்தார். பிறகு, "எங்கப்பா இருக்காருண்ணே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருக்கணும்" என்றார்.

புதுக்கோட்டையில் எங்களுக்குக் கிடைத்தது கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு லாட்ஜ். இரண்டாம் மாடியில் பக்கத்துப் பக்கத்து அறை. இனிமேல் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒரு மக்கு, துணி காயப்போடக் கயிறு, நீளமான எக்ஸ்டென்ஷன் போர்டு. அங்கே பிளக் பாயிண்ட் கட்டிலிலிருந்து பத்தடி தள்ளித்தான் இருக்கும். போர்வையை ஏழு நாளும் மாற்ற மாட்டார்கள். கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சாப்பாட்டுப் பொட்டலத்தை அதில் வைத்துத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். நாம் திறக்கும்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம் மட்டும் இருக்கும். ஏ.சி. போட்டால் நோய் பரவும் என்று பியூஸைப் பிடுங்கியிருந்தார்கள். பதினெட்டு வருடம் ஏ.சி. ரிப்பேர் பார்த்தவனை, ஓடாத ஏ.சி.க்குக் கீழே படுக்கவைத்தார்கள். முதல் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு வியர்த்தேன்.

மூன்றாம் நாள், காலை 8 மணி. குளியலறை ஜன்னல் ஒரு சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. செல்வராஜ் அறையின் குளியலறை ஜன்னலும் அதே சந்துக்குத்தான். ஆகவே குளிக்கிற நேரம்தான் எங்களுக்குப் பேசுகிற நேரம். முகம் தெரியாது. தண்ணீர் விழுகிற சத்தமும் குரலும்தான்.

"தம்பி போனெடுத்து அப்பா காதுல வைக்கிறான்ணே. புதுக்கோட்டைக்கு வந்துட்டேன்பான்னு சொன்னேன். அங்கிட்டு என்ன பண்றான்னு கேக்குறாராம். பஸ் ஏறுனா ரெண்டு மணி நேரத்துல வந்துரலாமேன்னு சொல்றாராம்."

"லாட்ஜுல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கான், முடிஞ்சதும் வருவான்னு சொல்லச் சொல்லு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்புத்தானா என்று நான் உற்றுக் கேட்கவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மறுபடி ஒரு பரிசோதனை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் ஏழாம் நாள் காலை ஏழு மணிக்கு வெளியே விடுவார்கள். ஏழு மணிக்குக் கார் ஏறினால் ஒன்பதுக்கு மீமிசல். இதை செல்வராஜ் தினமும் ஒரு முறை ஜன்னல் வழியாக எனக்குச் சொல்வார், நான் ஏதோ மறந்துவிடுவேன் என்பதுபோல.

நான்காம் நாள், காலை 6 மணி. என் பயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவி ஒன்றை மஸ்கட்டிலேயே வாங்கியிருந்தேன். பத்து விரலிலும் தனித்தனியாகப் பார்ப்பேன். சுண்டுவிரலில் ஒன்று குறைந்தால், அந்தப் பக்கம் உடம்பு சரியில்லை என்று ஒருக்களித்துப் படுப்பேன். அதோடு தினமும் எழுந்தவுடன் பெட்டியைத் திறந்து கோடாலித் தைலத்தை முகர்ந்து பார்ப்பது என் சந்தியாவந்தனம். அன்று முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பாட்டில்தான் காலாவதி என்று மச்சினனுக்கு வாங்கிய சென்ட்டை அடித்தேன். ஒன்றுமில்லை. மனைவிக்கு வாங்கிய சோப்பு, ஏலக்காய், காப்பித்தூள், கடைசியில் என் சொந்தச் சாக்ஸ். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக என் சாக்ஸுக்கு வாசனை இல்லை.

ஒன்பது மணிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "காய்ச்சல், இருமல் ஏதும் இருக்கா? வாசனை தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுது மேடம். கீழ சாம்பார் தாளிக்கிறதுகூட இங்கிட்டு மணக்குது."

"சாம்பாரா? இன்னைக்கு லெமன் சாதந்தான்னு சொன்னாங்களே."

"அதுக்குத் தாளிச்சதா இருக்கும் மேடம்" என்று வைத்துவிட்டேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பிளாஸ்டிக் பையில் திரும்புகிற படங்களைத்தான் டி.வி.யின் மூன்று சேனலிலும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள்.

ஐந்தாம் நாள் குச்சி விட்டு எடுத்தார்கள். நம்பர் போட்ட ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

ஆறாம் நாள், காலை 10.30. மாடிப்படியில் கனமான காலடி. தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் என்பது சரசரப்பிலேயே தெரிந்தது. நடைவழியில் நின்று கூப்பிட்டார்கள்.

"கருப்பையா! கருப்பையா யாருங்க?"

நான் கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். அதற்குள் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது.

"என்னங்க? அப்பாவுக்கு என்னங்க?"

"எந்த அப்பா? கருப்பையா நீங்கதான? நாப்பத்தாறு வயசு?"

"கருப்பையா எங்கப்பாங்க. எனக்குத்தான் நாப்பத்தாறு. போயிட்டாராங்க? சொல்லுங்க."

"யாரும் போகலங்க. பாஸ்போர்ட்டுல ஒங்க பேரு கருப்பையான்னு இருக்கா, இல்லையா?"

"இருக்கு..."

"பாசிட்டிவ். துணிமணிய எடுத்துக்கங்க, கீழ வண்டி நிக்கிது."

செல்வராஜ் மெல்லச் சொன்னார். "எனக்கு ஒண்ணுமே பண்ணலங்க. நாளைக்கு விட்டுருவோம்னீங்க. இதே பேருல இன்னொரு அண்ணன் இருக்காருங்க, இந்தா இந்த ரூமுதான். முருகேசண்ணே! முழிச்சிருக்கீங்களாண்ணே?"

நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். அது இரும்புத் தாழ்ப்பாள், கொஞ்சம் துருப்பிடித்தது. அதன் ஒவ்வொரு புள்ளியும் இன்னும் நினைவிருக்கிறது.

"அவரு தூங்குறாரு போல. எதா இருந்தாலும் அங்க டாக்டருட்டச் சொல்லிக்கங்க, வாங்க."

"அண்ணே!" என்று இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு படியிறங்கும் சத்தம். ஆம்புலன்ஸ் போன திசையைக்கூட நான் பார்க்கவில்லை. மதியம் நாற்காலியில் பொட்டலம் வைத்தார்கள். எடுத்துச் சாப்பிட்டேன். எதுவும் மணக்கவில்லை. முழுதும் சாப்பிட்டேன்.

மாலை 4.15க்கு ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். "என் சீட்டு நம்பரு எழுபத்தொண்ணுல முடியுது. பாசிட்டிவ்னு வந்த லிஸ்ட்டுல இருக்கிறது எந்த நம்பருன்னு பாருங்க." மேனேஜர் போனை மேசையில் வைத்துவிட்டுத் தேடினார். திரும்பி வந்தவர், "ஐயோ சார்" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

ஏழாம் நாள், காலை 8 மணி. என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். நீளமான வார்டில் வரிசையாகக் கட்டில். நான் எதிர்பார்த்த பயம் வரவில்லை. கட்டில் இருந்தது, ஆள் இருந்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள். இதற்காகவா என்று தோன்றியது.

மதியம் நடைவழிக் கடைசியிலிருந்து ஒரு அழுகை கேட்டது. ஆண் குரல். நர்ஸம்மா ஊசி போட்டுக்கொண்டே சொன்னார். "அந்தக் கடைசி ரூமுக்காரருக்கு அப்பா தவறிட்டாராம். பதினொண்ணே முக்காலுக்கு. பாவம், அவருக்கு நோயே இல்ல, பேரு மாறி வந்துட்டாரு. ஆனா நேத்து ராத்திரி வரைக்கும் இந்த வார்டுலயே கெடந்தாரே, நோயாளிகளத் தொட்டவங்க கணக்குல வந்துட்டாரு. இன்னும் ஏழு நாளு வெளிய விட மாட்டாங்க, சாவுக்கும் விட மாட்டாங்க."

ஏழு மணிக்குக் கார். ஒன்பதுக்கு மீமிசல். பதினொன்றே முக்கால் வரைக்கும் இரண்டே முக்கால் மணி நேரம். பயணக் கட்டுரைக்காரனுக்கு நேரக் கணக்கு முக்கியம், சரியாகக் கொடுத்துவிட்டேன்.

எட்டாம் நாள், மாலை 5 மணி. வெந்நீர் டிரம்மிடம் செல்வராஜ் நின்றிருந்தார். கையில் பாட்டில். என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"சாப்டீங்களாண்ணே?"

"ம். அப்பாவ... எடுத்துட்டாங்களா?"

"நேத்துச் சாயங்காலமே. தம்பி வீடியோ போட்டான். அவனுக்குக் கையி நடுங்குனதுல பாதி நேரம் வானந்தான் தெரிஞ்சுச்சு."

ஒரு நகைச்சுவையும் எனக்கு வரவில்லை. வராதது இதுதான் முதல்தடவை. "செல்வராஜு, அன்னைக்கு நான் தூங்கல" என்றேன்.

"தெரியும்ணே. கதவுக்கு அடியில ஒங்க காலு ரெண்டும் தெரிஞ்சுச்சு."

டிரம்மின் குழாயைத் திறந்தார். ஆவி வந்தது.

"பாத்துட்டு ஏன்யா அவங்ககிட்டச் சொல்லல?"

"தொறந்துருவீங்கன்னு நெனச்சேன். அதான் படியில கொஞ்சம் மெதுவா எறங்குனேன்."

பாட்டில் நிறைந்ததும் மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வெந்நீருக்கு வருகிற நேரத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பதினேழாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுக்கோட்டையிலிருந்து அரிமளத்துக்கு இருபது கிலோமீட்டர், கார் வாடகை 700 ரூபாய். டிரைவர் தன் சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளைக் கட்டியிருந்தார். "மாஸ்க்க மட்டும் எறக்காதீங்க சார், பேசணும்னா போன்ல பேசுங்க" என்றார். ஒரே காரில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே வந்தோம்.

அந்தக் கார் கதையும் சாக்ஸ் கதையும் லெமன் சாதக் கதையும் எங்கள் ஊரில் இப்போது பிரபலம். துக்கத்துக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் "முருகேசா, அந்த லாட்ஜு கதையச் சொல்லு" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். சொல்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஐந்தாம் நாளிலிருந்து நேரே கார் கதைக்குத் தாவி முடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன். ஆறாம் நாளை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அரிமளத்திலிருந்து மீமிசலுக்கு அறந்தாங்கியில் பஸ் மாறிப் போகவேண்டும். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையிலிருந்து பஸ் இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.