செல்லாத சுற்று

பந்தயம் என்றால் முதலில் வருபவர் ஜெயிப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பழைய கார்களின் பந்தயத் திருவிழாவுக்கு முதல் முறையாகப் போன அன்று, நுழைவாயிலில் கொடுத்த தாளை வரிசையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். வேகத்துக்குப் பரிசே இல்லை. செம்பனைத் தோட்டத்தைச் சுற்றிப் போகும் தார்ச்சாலையில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். பிறகு இன்னொரு சுற்று. இரண்டுக்கும் ஆன நேரம் யாருக்கு மிக நெருக்கமாக வருகிறதோ அவருக்குக் கோப்பை. மெதுவாகப் போகலாம், ஆனால் இரண்டு முறையும் ஒரே அளவு மெதுவாகப் போக வேண்டும்.

எனக்கு அது பிடித்துவிட்டது. வீட்டில் மசாலா டப்பாக்களைக்கூட அளவு பார்த்து அடுக்குகிறவள் நான்.

நான் போனது என் தம்பிக்காக. அசாம் ஜாவா என்கிற சிற்றூரில் அவன் வீட்டுப் போர்ச்சில் பால் நிறத்துச் சின்னக் கார் ஒன்று நிற்கிறது. ஒரு காலத்தில் தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய கிராணி ஒருவர் ஓட்டியது. அவருடைய பிள்ளைகள் விற்றபோது தம்பி வாங்கி, ஒவ்வொரு திருகாகக் கழற்றி, துடைத்து, மாட்டி வைத்திருக்கிறான். அவன் மனைவிக்கு அந்த போர்ச் வேண்டும். முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கிறாள். தீபாவளி ஆர்டர்கள் வந்துவிட்டால் இரண்டு அடுப்பும் ஒரு நீள மேசையும் போட இடம் இல்லை.

அவள் விதித்த நிபந்தனையை என் முன்னால்தான் சொன்னாள்.

"அண்ணி, நீங்களே சாட்சி. வழியில நிக்காம ரெண்டு சுத்து ஓடட்டும். ஓடிச்சின்னா அந்தக் காடி போர்ச்சிலயே கெடக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். நின்னுச்சின்னா அன்னைக்கே வித்துடணும்."

"சரி லா," என்றான் தம்பி. அவன் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்கே ஆச்சரியம்.

வாங்குகிற ஆளும் வந்திருந்தார். சுங்கை ஆயர் தாவாரில் பட்டறை வைத்திருக்கும் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே. சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். தன் இழுவை லோரியை நிழலில் நிறுத்திவிட்டு, குழல் போட்ட ஐஸ் தேநீர்ப் பையை உறிஞ்சிக்கொண்டே வந்து தம்பியின் தோளைத் தட்டினார்.

"நல்லா ஓட்டு தம்பி. நின்னா கவலப்படாத. நான் கூட்டிட்டுப் போறேன்."

"வாய வெச்சிட்டீங்களே தவுக்கே," என்றான் தம்பி.

திடலில் நான் எதிர்பார்த்ததைவிட அமைதி இருந்தது. உறுமல், புகை, கூச்சல் எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். ஆண்கள் காரின் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதைப் போலக் கைகட்டி நின்றார்கள். தஞ்சோங் காராங்கிலிருந்து வந்த வயல்காரர் ஒருவர், நெல் மூட்டை ஏற்றிய பழைய வண்டியை மூட்டையின் வைக்கோல் துணுக்குகளோடேயே கொண்டுவந்திருந்தார். ஏன் துடைக்கவில்லை என்று கேட்டேன். துடைத்தால் அது வேறு யாருடைய வண்டியோ போல ஆகிவிடும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

புறப்படுவதற்கு முன் ஓட்டுநர்களிடமிருந்து கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் வாங்கிக்கொண்டார்கள். காருக்குள் வேகம் காட்டும் முள்ளின் மேல் கறுப்புத் தாளை ஒட்டினார்கள்.

"அப்புறம் எதப் பாத்து ஓட்டுவ?" என்று தம்பியைக் கேட்டேன்.

"பாக்க மாட்டேன்க்கா. கேப்பேன். மூணாவது கியர்ல இதோட சத்தம் ஒரே மாதிரி இருந்தா வேகமும் ஒரே மாதிரி."

"சத்தம் மாறிச்சின்னா?"

"மாறாது."

"வீட்டுல நான் கூப்புடுற சத்தம் மட்டும் காதுல விழாது," என்றாள் அவன் மனைவி.

புறப்படும் கோட்டின் இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு இரண்டு கம்புகள் நட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகிறதாம். காரின் மூக்கு அதைக் கடந்ததும் பக்கத்துப் பலகையில் சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கும். காரின் பின்பகுதியையும் எண்ணிவிடாமல் இருக்க, அடுத்த சில நிமிடங்களுக்கு எது கடந்தாலும் கருவி கண்டுகொள்ளாது. சுற்றி வந்து மறுபடி கடந்ததும் நிற்கும். நான் அந்தப் பலகைக்கு நேரே இடம் பிடித்துக்கொண்டேன்.

தம்பியின் முறை வந்தது. கொடி பிடித்திருந்த மலாய்ப் பெண் கையை உயர்த்தும் நேரத்தில், அவன் மனைவி பையிலிருந்து தேங்காயை எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கார் தோற்றால் போர்ச் கிடைக்கும் என்று காத்திருக்கிறவள், காலையில் மறக்காமல் தேங்காயை மஞ்சள் பூசிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"வேணாம்மா, இங்கெல்லாம் விடுவாங்களோ என்னவோ," என்றேன்.

"தேங்கா ஒடைக்காம எந்த வண்டி அண்ணி கெளம்பும்? அது வேற, இது வேற."

கொடிப் பெண்ணிடம் மலாயில் அனுமதி கேட்டாள். அந்தப் பெண்ணும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் "போலே, காக்," செய்யலாம் அக்கா, என்று சொல்லிவிட்டாள். தேங்காயை மூன்று முறை காருக்கு முன்னால் சுற்றி, கோட்டுக்கு அருகில் ஓங்கிப் போட்டாள். தார்ச்சாலை நல்ல கெட்டி. தேங்காய் சிதறியது. ஒரு பெரிய சில்லு தெறித்து இரண்டு கம்புகளுக்கும் நடுவே பறந்தது.

சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின.

கார் அசையவே இல்லை. ஆட்கள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார்கள், யாரோ துடைப்பம் கொண்டுவந்து கூட்டினார்கள். கைதட்டலும் சிரிப்புமாக இருந்ததில் பலகையை வேறு யாரும் பார்க்கவில்லை. பிறகு கொடி இறங்கியது, கார் போனது. செம்பனைகளுக்குப் பின்னால் அது மறைந்த பிறகும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது சரி. சத்தம் மாறவில்லை. திரும்பி வந்து கோட்டைக் கடந்து நின்றபோது அவன் முகத்தில் வேர்வையும் சந்தோஷமும் கலந்திருந்தன.

நான் பார்த்தது சரிதானா என்று எனக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. அடுத்த காரைப் பார்த்தேன். அதன் மூக்கு கம்பைக் கடக்கும்வரை எண்கள் பூஜ்யத்திலேயே நின்றன. அதற்கும் அடுத்த காரிலும் அப்படியே. பிறகுதான் நீதிபதிகளின் மேசைக்குப் போய், பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன்.

அவர்கள் தேங்காய் என்றதும் முதலில் நம்பவில்லை. கொடிப் பெண் வந்து ஆமாம் என்றாள். மேசையில் ஒருவர் குனிந்து நெடுநேரம் சிரித்தார். கடைசியில், அந்தச் சுற்று செல்லாது, கார் அதை மறுபடி ஓடிவிட்டுப் பிறகு அடுத்த சுற்றுக்குப் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

தம்பிக்கு நல்ல செய்தி சொல்லப் போகிறேன் என்றுதான் நடந்தேன். அவன் காரின் மூடியைத் திறந்து வைத்து விசிறிக்கொண்டிருந்தான். தீர்ப்பைச் சொன்னேன்.

"அக்கா! சும்மா இருந்திருக்கலாம்ல? ஏற்கனவே கொதிக்குது. ரெண்டு சுத்துக்குத்தான் இது தாங்கும்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். மூணு ஓடச் சொல்றியே!"

அதை நான் யோசிக்கவே இல்லை. தப்பான எண்ணைத் திருத்த வேண்டும் என்பது மட்டுமே என் மனதில் இருந்தது.

மறுபடி ஓடிய சுற்று நன்றாகவே முடிந்தது. ஆனால் திரும்பி வரும்போது சத்தத்தில் ஒரு சின்னக் கரகரப்பு சேர்ந்திருந்தது. எனக்கே கேட்டதென்றால் அவனுக்குக் கேட்காமல் இருக்காது. அவன் எங்கள் பக்கம் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினான், காத்திருந்தான், மறுபடி கோட்டுக்குப் போனான்.

கடைசிச் சுற்றில் செம்பனைகளுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம் மெலிந்தது, விக்கியது, நின்றது. கொஞ்ச நேரம் மரங்களுக்கு மேலே பறவைகளின் சத்தம்தான் கேட்டது. தவுக்கே தேநீர்ப் பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு லோரியின் சாவியை எடுத்தார்.

நாங்கள் மூவரும் நடந்து போனோம். கார் சாலையோரம் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. தம்பி அதன் கதவில் சாய்ந்திருந்தான்.

"நின்னுடுச்சி," என்றான். "சொன்னா சொன்னதுதான். குடுத்துடலாம்."

"இருங்க லா," என்றாள் அவன் மனைவி. காரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு சுத்துன்னுதானே சொன்னேன்? இது எத்தனாவது?"

"மூணாவது. ஆனா மொதல்ல ஓடினது செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே."

"அது அவங்க பேச்சு." என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்கதானே சாட்சி? நீங்கதானே போயி செல்லாதுன்னு சொல்லவெச்சிங்க. இப்ப நீங்களே சொல்லுங்க. அந்த மொதல் சுத்து, சுத்தா இல்லையா?"

தவுக்கேயும் என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. அன்று நடந்ததை மனதில் முதலிலிருந்து ஒருமுறை ஓடவிட்டேன். தேங்காய், சில்லு, சிவப்பு எண்கள், துடைப்பம், கொடி, பிறகு மாறாத அந்தச் சத்தம்.

"கடிகாரந்தான் தப்பா ஓடுச்சி," என்றேன். "காடி சரியாத்தான் ஓடுச்சி. வழியில நிக்கல."

"அப்ப ரெண்டு ஆச்சி." அவள் பெருமூச்சு விட்டாள். "தேங்காயும் நான்தானே ஒடச்சேன்."

"ஐயோ, இந்த அக்கா!" என்றார் தவுக்கே. "கோப்பையும் போச்சி, எனக்குக் காடியும் போச்சி." ஆனாலும் கூலி வேண்டாம், வீடுவரை இழுத்து விடுகிறேன் என்று லோரியைக் கொண்டுவரப் போனார்.

லோரி வருவதற்குள் காரை ஓரத்துச் சரிவிலிருந்து சாலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. தம்பி சன்னல் வழியாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். நானும் அவன் மனைவியும் பின்னால் கை வைத்தோம். தகடு சூடாக இருந்தது.

"போர்ச்சுல எனக்குப் பாதி," என்றாள் அவள் தள்ளிக்கொண்டே.

"காடிய எப்படிப் பாதியா நிறுத்துறது?" என்றான் முன்னாலிருந்து.

"மூக்கு உள்ள, வாலு வெளிய. மழ பெஞ்சா நனையட்டும். அண்ணி, நல்லாத் தள்ளுங்க."

தள்ளினேன்.